கன்றுக்கும் கன்றுக்கும் நடுவே

திருவனந்தபுரம் பட்டம் பகுதியில் 'கோகுலம்' என்று ஒரு கட்டடம். பெயரை நம்பிப் பசுக்களைத் தேடிப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். அது கேரள கால்நடை வளர்ச்சி வாரியத்தின் தலைமை அலுவலகம். வாரியத்தின் மாடுகள் மூணாறுக்கு அருகே மாட்டுப்பட்டியிலும், பாலக்காடு பக்கம் தோணியிலும், கொல்லம் மாவட்டத்துக் குளத்துப்புழையிலும் இருக்கின்றன. தலைநகரில் இருப்பது நிர்வாகமும் காகிதமும்.

ஆனால் கேரளத்தின் தொழுவங்கள் மாறியதற்குக் காளைகளுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அந்தக் காகிதத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவு பங்கு உண்டு. அந்தப் பாடம் இன்று தேவைப்படுவது பசுவுக்கு அல்ல, கேரளத்தில் அதிகம் கண்ணில் படாத இன்னொரு பிராணிக்கு. எருமைக்கு.

தமிழில் எருமை என்றால் வசவு. புராணத்தில் எமனுக்கு வாகனம். பூஜையறையில் இடமில்லை. ஆனால் நாட்டின் மொத்தப் பாலில் பாதிக்குச் சற்றுக் குறைவானது எருமை மடியிலிருந்து வருகிறது. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடுகள் 19.35 கோடி, எருமைகள் 10.98 கோடி. எண்ணிக்கையில் மாட்டுக்குப் பாதியைவிடச் சற்று அதிகமாக இருக்கும் பிராணி, பாலில் கிட்டத்தட்ட சரிபாதிப் பங்கைச் சுமக்கிறது. கொழுப்பை வைத்துப் பாலுக்கு விலை போடும் நாட்டில் அதன் மதிப்பு இன்னும் அதிகம். பசும்பாலில் கொழுப்பு நான்கு சதவீதத்தை ஒட்டி நிற்க, முர்ரா எருமைப் பாலில் ஏழு, எட்டு சதவீதம் சாதாரணம்.

இதற்கு மரபணுவிலேயே ஒரு காரணம் இருக்கிறது. பால் கொழுப்பு உருவாவதில் பங்கு வகிக்கும் 'டிஜிஏடி1' என்ற மரபணு பசுக்களில் இரண்டு வடிவங்களில் காணப்படுகிறது. ஒன்று கொழுப்பைக் கூட்டும், மற்றது குறைக்கும். 2002ல் இது தெரியவந்தபோது மேலை நாட்டுப் பால் விஞ்ஞானிகள் பரபரப்படைந்தார்கள். பிறகு இந்திய எருமைகளைப் பரிசோதித்தபோது எல்லாவற்றிலும் கொழுப்பைக் கூட்டும் வடிவம் மட்டுமே இருந்தது. பசு வளர்ப்பவர் தேடித் தேர்ந்தெடுக்க வேண்டியதை இயற்கை எருமைக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டது.

கொடுத்த கையோடு இன்னொன்றைப் பிடித்துவைத்துக்கொண்டது. எருமை கன்று போடுவதில் தாமதக்காரி.

முதல் கன்றுக்கே மூன்றரை, நான்கு வயதாகிவிடுகிறது. பசு ஒன்பது மாதத்துக்குச் சற்று அதிகமாகச் சினை சுமந்தால், எருமை பத்து மாதத்துக்கு மேல், அதாவது சுமார் 305 முதல் 310 நாள்வரை சுமக்கிறது. ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமென்றால், ஈன்ற 55 அல்லது 60 நாட்களுக்குள் மறுபடி சினை பிடித்தாக வேண்டும். நல்ல பராமரிப்பில்கூட இது அபூர்வம். பதின்மூன்று, பதினான்கு மாதத்துக்கு ஒரு கன்று என்பதே கெட்டிக்காரத்தனம். கிராமத் தொழுவங்களில் இடைவெளி பதினாறு, பதினெட்டு மாதம் என்று நீள்வது வழக்கம்.

ஏன் நீள்கிறது? முதல் காரணம், கால்நடை டாக்டர்கள் 'ஊமைப் பருவம்' என்று சொல்லும் தொல்லை. பசு பருவத்துக்கு வந்தால் ஊருக்கே தெரியும். கத்தும், மற்ற மாட்டின் மேல் தாவும், கண்ணாடி போல் வழுவழுப்பாக ஒழுக்கு தொங்கும். எருமை அடக்கமான பிராணி. தாவுவது அரிது. ஒழுக்கும் பல சமயம் தெரிவதில்லை. அடையாளங்கள் ராத்திரியிலும் விடியற்காலையிலும் வந்து, வெயில் ஏறுமுன் மறைந்துவிடும். ஒருமுறை தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்குச் சுமார் 21 நாள் காத்திருக்க வேண்டும். அதையும் தவறவிட்டால் இன்னொரு 21 நாள். தீவனச் செலவு மட்டும் தவறாமல் நடக்கும்.

இரண்டாவது காரணம் சூரியன். பகல் நீளம் குறையும் மாதங்களில்தான் எருமையின் சினைப்பை சுறுசுறுப்பாகிறது. ஹரியானா, பஞ்சாப் பக்கம் மழைக்காலத்தின் பிற்பகுதியிலிருந்து குளிர்காலம் வரை சினை பிடிக்கும். கோடையில் பல எருமைகள் பருவத்துக்கே வருவதில்லை. வட இந்தியாவில் குளிர்காலத்தில் பால் வழிவதும், கோடையில் பால் பவுடரைக் கரைத்துச் சமாளிப்பதும் ஓரளவுக்கு இதன் விளைவு. இத்தாலியில் மொஸரெல்லா பாலாடைக்காக எருமை வளர்ப்பவர்கள், கோடையில்தான் பாலாடைக்குக் கிராக்கி என்பதால், இலையுதிர் காலத்தில் கிடாக்களைப் பிரித்து வைத்துக் கன்று ஈனும் மாதத்தையே தள்ளிப்போட வேண்டியிருக்கிறது.

திருவனந்தபுரத்தில் நிலைமை வேறு. நிலநடுக்கோட்டுக்கு எட்டரை டிகிரி வடக்கே இருக்கும் ஊரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஹிசாரில் அது மூன்றரை மணி நேரத்துக்கு மேல். எனவே தெற்கே போகப் போக வெளிச்சத்தின் ஆட்சி தளர்கிறது. நல்ல தீவனமும் நிழலும் தண்ணீரும் கிடைத்தால் எருமை ஆண்டு முழுவதும் பருவத்துக்கு வரும். கிடைக்காவிட்டால் எந்த மாதமும் வராது.

மூன்றாவது காரணம் உடற்கூறு. பசுவின் சினைப்பையோடு ஒப்பிட்டால் எருமையின் சினைப்பையில் கருமுட்டை இருப்பே மிகக் குறைவு. இதோடு கடும் வெயிலில் கறுப்புத் தோலும் போதாத வியர்வைச் சுரப்பியும் சேர்ந்தால், எருமை குட்டையைத் தேடி ஓடுவதற்கு சோம்பேறித்தனம் காரணமல்ல என்பது புரியும்.

பால் வாங்கும் நகரவாசிக்குக் கன்று இடைவெளி ஒரு பொருட்டாகத் தோன்றாது. எருமை வைத்திருப்பவருக்கு அதுதான் வாழ்க்கைக் கணக்கு. உதாரணத்துக்கு இரண்டு எருமைகளை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று ஒரு ஈற்றில் 2,400 லிட்டர் கறந்து, 20 மாதத்துக்கு ஒருமுறை கன்று போடுகிறது. இன்னொன்று 2,000 லிட்டர்தான் கறக்கிறது, ஆனால் 14 மாதத்தில் கன்று போட்டுவிடுகிறது. சந்தையில் முதல் எருமைக்குத்தான் கூட்டம் கூடும். ஆண்டுக் கணக்காக வகுத்துப் பார்த்தால் முதல் எருமை தருவது 1,440 லிட்டர். இரண்டாவது தருவது 1,714 லிட்டர். பத்து ஆண்டில் முதல் எருமை ஆறு கன்று போட்டிருக்கும். இரண்டாவது எட்டு கன்று போட்டிருக்கும். பால் வற்றிய நாட்களில் கையைக் கடிக்கும் தீவனச் செலவு தனி.

ஆக, எருமையின் தரம் கறவைப் பாத்திரத்தில் பாதிதான் தெரியும். மீதிப் பாதி கன்றுக்கும் கன்றுக்கும் நடுவே இருக்கும் நாட்களில் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், பாத்திரத்தில் இருப்பதை எல்லோரும் அளக்கிறார்கள். நாட்களை அளப்பவர்கள் குறைவு.

இங்கேதான் கேரளத்தின் அனுபவம் உதவிக்கு வருகிறது. 1963ல் இந்தியாவும் ஸ்விட்சர்லாந்தும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி மாட்டுப்பட்டியில் ஒரு பண்ணை உருவானது. பிரவுன் ஸ்விஸ் காளைகளை உள்ளூர் மாடுகளோடு சேர்த்து, பின்னர் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் ரத்தத்தையும் கலந்து, 'சுனந்தினி' என்ற கலப்பினம் பிறந்தது. இந்தியாவில் உறைவிந்துத் தொழில்நுட்பம் ஆரம்ப நாட்களிலேயே காலூன்றிய இடங்களில் மாட்டுப்பட்டியும் ஒன்று. 1976ல் வாரியம் அமைந்தது. பால் விற்பனையை 1980ல் உருவான 'மில்மா' கூட்டமைப்பு எடுத்துக்கொள்ள, வாரியம் இனவிருத்தியோடு நின்றது. இன்று கேரள மாடுகளில் 90 சதவீதத்துக்கு மேல் கலப்பினம்.

வெளிநாட்டுக் காளையைக் கொண்டுவருவது பணம் இருந்தால் நடக்கும் காரியம். அடுத்த தலைமுறைக் காளையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கஷ்டமான கேள்வி. காளை பால் கறப்பதில்லை. அதன் பால் மரபைக் கண்டுபிடிக்க ஒரே நம்பகமான வழி, அதன் மகள்கள் எவ்வளவு கறக்கிறார்கள் என்று பார்ப்பது. மேலை நாடுகளில் நூற்றுக்கணக்கான மாடுகள் உள்ள பண்ணைகளில் இது சுலபம். கேரளத்தில் வீட்டுக்கு ஒரு மாடு, மிஞ்சினால் இரண்டு. எனவே வாரியம் மகள்களைத் தேடி வீடுகளுக்குப் போனது. குறித்த நாளில் பதிவாளர் வந்து, காலையிலும் மாலையிலும் கறந்ததை அளந்து எழுதிக்கொண்டு போவார். இன்ன காளைக்குப் பிறந்த மகள் இன்ன பஞ்சாயத்தில் இன்ன தேதியில் ஈன்று இவ்வளவு கறந்தாள் என்ற ஆயிரக்கணக்கான வரிகள் சேர்ந்தபின்தான் காளைக்கு மார்க் போட முடியும்.

சிறு விவசாயிகளின் நாட்டில் இந்த மகள் சோதனை நடக்காது என்று சொன்னவர்களுக்கு இது ஒரு பதில். எருமைக்கும் இதே வழியைக் குஜராத்தின் மெஹ்சாணா கூட்டுறவு ஒன்றியம் 1980களிலிருந்து பின்பற்றியது. தேசிய பால்வள வாரியத்தின் உதவியோடு முர்ரா எருமைகளுக்கும் இது பரவியது. ஆனால் நாட்டில் எருமைகள் இருக்கும் எண்ணிக்கைக்கு, மகள்களை வைத்துச் சோதிக்கப்பட்ட கிடாக்கள் சொற்பம். சினை ஊசியே பசுவுக்குப் பரவிய அளவுக்கு எருமைக்குப் பரவவில்லை. சினை ஊசியில் எருமைக் கன்று இந்தியாவில் முதன்முதலில் அலகாபாத் வேளாண் கல்லூரியில் பிறந்தது 1943ல் என்பதை நினைத்தால் இந்தத் தாமதம் விசித்திரம்தான்.

சோதிக்கப்படாத இடத்தில் விளம்பரம் நுழைகிறது. வட இந்தியக் கால்நடைக் கண்காட்சிகளில் எண்ணெய் பூசிப் பளபளக்கும் முர்ரா கிடாக்களுக்குக் கோடிக்கணக்கில் விலை பேசப்பட்டதாக அவ்வப்போது செய்தி வரும். கிடாவின் பெருமையாகச் சொல்லப்படுவது அதன் தாய் ஒரு நாளில் கறந்த பால். தாயின் மரபில் பாதிதான் மகனுக்கு வருகிறது. எந்தப் பாதி என்பது சீட்டுக் குலுக்கல். தாய் அவ்வளவு கறந்ததில் எவ்வளவு மரபு, எவ்வளவு பருத்திக்கொட்டை என்பதும் தெரியாது. அந்தத் தாய் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கன்று போட்டாள் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. கேட்பவர்களும் இல்லை.

மரபு எவ்வளவு, பருத்திக்கொட்டை எவ்வளவு என்ற கேள்விக்கு மரபியலில் ஓர் அளவுகோல் உண்டு. ஒரு மந்தையில் எருமைக்கு எருமை காணப்படும் வேறுபாட்டில் பரம்பரையாக வருவது எத்தனை பங்கு என்று அது சொல்லும். பால் அளவில் இந்தப் பங்கு சுமார் நாலில் ஒன்று. கன்று இடைவெளியில் பத்தில் ஒன்றுகூட இல்லை. பல ஆய்வுகளில் இருபதில் ஒன்றை ஒட்டியே வருகிறது. மிச்சமெல்லாம் தீவனம், வெயில், நோய், பருவத்தைக் கவனித்தது, கவனிக்காமல் விட்டது.

இந்தச் சிறிய எண்ணைக் காட்டி, இனப்பெருக்கத்துக்கும் மரபுக்கும் சம்பந்தமில்லை, பாலை மட்டும் பார்த்துக் கிடாவைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்று பல பத்தாண்டுகள் சொல்லப்பட்டது. அப்படிச் சொன்ன நாடுகள் என்ன ஆயின என்பதற்கு அமெரிக்க ஹோல்ஸ்டீன் பசுவே சாட்சி. 1960களிலிருந்து நாற்பது ஆண்டுகளில் அதன் பால் மலைபோல் ஏறியது. சினை பிடிக்கும் திறன் படிப்படியாக இறங்கியது. ஈன்றதும் உடம்பிலுள்ள சத்தையெல்லாம் மடி இழுத்துக்கொள்ள, சினைப்பைக்குப் போவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. பாலுக்கென்று பொறுக்கிய ஒவ்வொரு தலைமுறையிலும், பொறுக்கியவர் கேட்காமலே மலட்டுத்தன்மையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடவே வந்தது.

ஒரு காளையின் கதை இதைவிடத் துல்லியமானது. 1962ல் நெப்ராஸ்காவில் பிறந்த 'பானி ஃபார்ம் அர்லிண்டா சீஃப்' என்ற ஹோல்ஸ்டீன் காளைக்கு 16,000 மகள்கள். பேத்திகள் ஐந்து லட்சம். ஒரு கட்டத்தில் அமெரிக்க ஹோல்ஸ்டீன் இனத்தின் மரபில் ஏறக்குறைய 14 சதவீதம் இந்த ஒரே காளையிடமிருந்து வந்தது என்று கணக்கிட்டார்கள். மகள்கள் கறந்து குவித்தார்கள். ஆனால் சீஃப்பின் உடலில் ஒரு மரபணு பழுதாகி இருந்தது. பழுது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் தீங்கில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் கரு வயிற்றிலேயே கலைந்துவிடும். 2011ல் சந்தேகம் உறுதியாகி, 2016ல் 'ஏபிஏஎஃப்1' என்ற மரபணு அடையாளம் காணப்பட்டது. அதற்குள் உலகெங்கும் சுமார் 5.25 லட்சம் கருக்கள் கலைந்திருக்கும் என்பது ஆராய்ச்சியாளர்களின் மதிப்பீடு. கலைந்த கருவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. சினை பிடிக்கவில்லை என்று மறுபடி ஊசி போடுவார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்கர்கள் 2003ல் தங்கள் காளை மதிப்பீட்டில் ஒரு புது வரியைச் சேர்த்தார்கள். மகள்கள் எவ்வளவு சீக்கிரம் சினை பிடிக்கிறார்கள் என்ற வரி. அந்தக் குணத்தில் பரம்பரைப் பங்கு நான்கு சதவீதம்தான். ஆனாலும் சரிவு நின்றது, பின்னர் திரும்பவும் ஆரம்பித்தது. பாலை விட்டுக்கொடுக்காமலே இது நடந்தது. சிறிய எண் ஏமாற்றிவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. பரம்பரைப் பங்கு குறைவு என்றால் தேர்வு செய்ய முடியாது என்று அர்த்தமல்ல, அதிக மகள்களைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். கணக்குப் போட்டால், பாலில் ஒரு காளையைப் பாதி நம்பிக்கையோடு மதிப்பிட 15 மகள்களின் பதிவு போதும். சினை பிடிக்கும் திறனில் அதே நம்பிக்கைக்கு 99 மகள்கள் வேண்டும்.

எருமையிலும் பாலும் இனப்பெருக்கமும் இப்படி எதிரெதிரா? இதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சில மந்தைகளில் அதிகம் கறக்கும் எருமைக்குக் கன்று இடைவெளி சற்று நீளம் என்று தெரிகிறது. சிலவற்றில் தொடர்பே தெரியவில்லை. ஹோல்ஸ்டீனைப் போல் எருமை இன்னும் எல்லைவரை விரட்டப்படவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். பசுவில் பட்டு அறிந்ததை எருமையில் படாமலே அறிந்துகொள்ள இந்தியாவுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் இதன் பொருள். அந்த வாய்ப்பு நீண்ட நாள் இருக்காது. காரணம், விரட்டும் வேகம் கூடிவிட்டது.

ஹிசாரில் மத்திய எருமை ஆராய்ச்சி நிலையம் 1985ல் தொடங்கப்பட்டது. கர்னாலில் உள்ள தேசிய பால்வள ஆராய்ச்சி நிலையம் 2009ல் குளோனிங் முறையில் எருமைக் கன்றை உருவாக்கி உலகின் கவனத்தை ஈர்த்தது. முதல் கன்று சில நாட்களில் இறந்தாலும், அதே ஆண்டு ஜூனில் பிறந்த 'கரிமா' இரண்டு ஆண்டு வாழ்ந்தது. 2010ல் பிறந்த 'கரிமா 2' வளர்ந்து, 2013 ஜனவரியில் இயற்கையாகவே ஒரு கிடேரிக் கன்றை ஈன்றது. 2024 அக்டோபரில் எருமைகளுக்கென்றே 'மஹிஷ் சிப்' என்ற மரபணுச் சிப்பும், பசுக்களுக்கு 'கௌ சிப்'பும் நாட்டுக்கு அறிமுகமாயின.

சிப்பின் கவர்ச்சி புரிந்துகொள்ளக் கூடியது. பழைய முறையில் ஒரு கிடாவைச் சோதிக்க ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். கிடா வளர்ந்து, மகள் பிறந்து, அவள் மூன்றரை, நான்கு வயதில் ஈன்று, பத்து மாதம் கறந்து முடிக்க வேண்டும். சிப் இருந்தால் கன்றின் ஒரு துளி ரத்தமோ சில ரோமங்களோ போதும். ஆயிரக்கணக்கான இடங்களில் அதன் மரபெழுத்தைப் படித்து, இந்தக் கிடா எப்படிப்பட்ட மகள்களைத் தரும் என்று பிறந்த சில வாரங்களிலேயே ஊகித்துவிடலாம்.

ஆனால் சிப்புக்குச் சொந்தமாக எதுவும் தெரியாது. இன்ன எழுத்து இருக்கும் எருமை இவ்வளவு கறந்தது, இத்தனை நாளில் சினை பிடித்தது என்று ஆயிரக்கணக்கான எருமைகளை வைத்து அதற்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும். பாலை மட்டும் கற்றுக்கொடுத்தால் அது பாலை மட்டுமே தேடும். ஹோல்ஸ்டீனில் நாற்பது ஆண்டுகளில் நடந்த கேடு, சிப்பின் வேகத்தில் எருமையில் அதைவிடச் சீக்கிரம் நடந்துவிடும்.

கேரளத்திடமிருந்து கற்க வேண்டிய இன்னொரு பாடமும் உண்டு, இது கசப்பானது. 1961ல் கேரளம் கொண்டுவந்த கால்நடை அபிவிருத்திச் சட்டம், உரிமம் இல்லாத காளைகளை இனவிருத்திக்கு வைத்திருப்பதைத் தடுத்தது. தேறாத காளைகளுக்குக் காயடித்தார்கள். கலப்பின இயக்கம் பின்னாலேயே வந்தது. வைக்கம் அருகே வெச்சூரைப் பூர்வீகமாகக் கொண்ட, ஆள் இடுப்பளவுகூட இல்லாத குட்டைப் பசு இனம் கிட்டத்தட்டக் காணாமல் போனது. 1989ல் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் பேராசிரியை சோசம்மா ஐப்பும் மாணவர்களும் ஊர் ஊராய்த் தேடி, மிஞ்சியிருந்த சில பசுக்களைச் சேர்த்ததால் இனம் பிழைத்தது. 2022ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இழந்த மரபைத் தேடி எடுக்க எல்லா இனத்துக்கும் ஒரு சோசம்மா ஐப் கிடைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

எருமையில் அந்த இடத்தில் நிற்பவை குட்டநாட்டின் சேற்று வயல்களுக்குப் பழகிய சிறிய எருமையும், ஈரோடு மலைப்பகுதியின் பர்கூர் எருமையும், நீலகிரியின் தோடர் எருமையும். கேரளத்தில் 2019 கணக்குப்படி எருமைகளே 1.01 லட்சம்தான், மாடுகளோ 13.42 லட்சம். தமிழ்நாட்டில் 2012ல் 7.8 லட்சமாக இருந்த எருமைகள் 2019ல் 5.2 லட்சமாகக் குறைந்தன. ஏழு ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு மறைந்துவிட்டது. எங்கு பார்த்தாலும் 'டெல்லி எருமை' என்று ஊர்க்காரர்கள் சொல்லும் முர்ரா விந்தே தீர்வாகத் தரப்படுகிறது. முர்ரா உயர்ந்த இனம் என்பதில் சந்தேகமில்லை. ரோஹ்தக்கின் கோதுமை வைக்கோலிலும் பர்சீம் தழையிலும் வளர்ந்த இனம், நீலகிரியின் குளிர்ப் புல்வெளியிலும் பர்கூர் காட்டு மேய்ச்சலிலும் அதே இடைவெளியில் கன்று போடுமா என்பதைப் பதிவேடு இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

விஞ்ஞானம் தயாராகும்வரை எருமைக்காரர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கன்று இடைவெளியில் பெரும்பங்கு பராமரிப்பு என்பது அவருக்கு நல்ல செய்தி. தாது உப்புக் கலவை, பச்சைத் தீவனம், நிழல், கோடையில் இரண்டு வேளை குளிப்பாட்டல் அல்லது ஒரு குட்டை, இருட்டு விலகுமுன் தொழுவத்தில் ஒரு சுற்று. ஈன்ற இரண்டு மாதத்தில் பருவம் தெரியவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுவது. எந்த மரபணுவையும்விட இவை இந்த ஆண்டே பலன் தரும்.

மரபணு தரும் பலன் மெதுவானது, ஆனால் அழியாதது. ஒருமுறை இனத்தில் ஏறிவிட்டால் ஒவ்வொரு தலைமுறைக்கும் இலவசம். கேடும் அப்படியே. அதனால்தான் எதை எழுதுகிறோம், எதை விடுகிறோம் என்பது முக்கியமாகிறது. இன்று கோடிக்கணக்கான மாடுகள், எருமைகளின் காதில் 12 இலக்க எண் பொறித்த மஞ்சள் வில்லை தொங்குகிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் கம்ப்யூட்டரில் ஓர் ஏடு திறந்திருக்கிறது. அதில் ஊசி போட்ட தேதி, சினை உறுதியான தேதி, ஈன்ற தேதி என்று மூன்று கட்டங்கள் ஒழுங்காக நிரம்பினால், எருமையின் இரண்டாவது பாதி கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். விந்து வங்கிகள் கிடாவின் தாய் கறந்த பாலோடு, அந்தத் தாயும் கிடாவின் மகள்களும் எத்தனை நாளில் சினை பிடித்தார்கள் என்பதையும் அச்சிட வேண்டும். விவசாயியும் ஊசி போட வருகிறவரிடம் அதைக் கேட்க வேண்டும்.

தேதி எழுதப் பெரிய செலவு எதுவும் ஆகாது. பேனாவும், எழுதுகிறவருக்கு உரிய கூலியும், எழுதியதைச் சரிபார்க்க ஒருவரும் போதும். வீட்டுக்கு ஒரு மாடு வைத்திருந்த மலையாளிகளிடம் அது முடிந்திருக்கிறது. வீட்டுக்கு இரண்டு எருமை வைத்திருப்பவர்களிடம் முடியாமல் போக நியாயமில்லை.